நன்னூல் கூறும் ஆசிரியரும் இன்றைய ஆசிரியப் பணியும்



பஞ்ச நமஸ்கார மந்திரத்தை நாள்தோறும் ஓதும் இல்லங்களில் ஆசிரியப் பணியின் உயர்வைத் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அருகர், சித்தர், ஆசாரியர் ஆகியோரை அடுத்து அங்கே வணங்கப்படுபவர் கற்பிக்கும் உபாத்தியாயரே. துறவோர் உறைந்த 'பள்ளி'யே பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று என்பர் அறிஞர் பலர். இவ்வளவு இருந்தும், பட்டம் பெற்ற மகளோ மகனோ பள்ளி ஆசிரியராக விரும்பினால் வீட்டில் ஓர் அமைதி சூழ்ந்துவிடுகிறது. மென்பொருள் நிறுவனங்களின் ஊதியக் கணக்கு அந்த அமைதிக்குள் ஒளிந்திருக்கிறது. பெற்றோரின் தயக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும் அப்பணிக்குரிய தகுதி யாது, அதனை அடையும் வழி யாது என்று அறிந்தபின் தயங்குவதே முறை.

தகுதியை வரையறுத்தவர் ஒரு சமண முனிவரே. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தியார், எழுத்திலக்கணம் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியரைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமை. ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அவர் தரும் உவமைகள் இன்னும் கூர்மையானவை. கழற்சிக்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட வரிசையில் வெளிவருவதில்லை. முறையின்றிக் கற்பிப்பவர் அத்தகையவர். மடல் சூழ்ந்த பனை, தானே உதிர்த்தாலன்றிப் பிறரைத் தன் பழத்தை அணுக விடாது. பருத்தி அடைத்த குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகவே பஞ்சைப் பிடுங்க வேண்டும். முடத்தெங்கோ, நீர் வார்த்தவனை விட்டுவிட்டு அயலான் முற்றத்தில் காய் உதிர்க்கும். பள்ளியில் ஊதியம் பெற்றுக்கொண்டு, மாலைத் தனிவகுப்பில் மட்டும் கருத்தூன்றிக் கற்பிப்போரை முனிவர் அன்றே கண்டிருப்பார் போலும்.

அப்பாயிரத்தில் ஒரு கணக்கும் உண்டு. ஆசிரியர் சொன்னதை நன்கு கொண்டாலும் கல்வியில் கால்பங்கே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, பிறருக்குக் கற்பிக்கும்போதுதான் நிறைவுறும். ஆசிரியப் பணியை நாடுவோர் முதலில் கருத வேண்டியது இதுவே. பயிற்சிக் கல்லூரியின் சான்றிதழ் பாதித் தகுதியையே தருகிறது. மறுபாதி குழந்தைகளின் முன்னிலையில்தான் கிட்டும்.

ஆகவே, கட்டணம் செலுத்திக் கல்லூரியில் சேருமுன் நான்கைந்து குழந்தைகளுக்குச் சில திங்கள் கற்பித்துப் பார்ப்பது நன்று. வடசென்னையில் வாழும் குடும்பங்களுக்கு இதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்ட்ரலை விட்டுப் புறப்படும் ரயில்கள் கடந்து செல்லும் பேசின் பிரிட்ஜில், இருப்புப்பாதைகளுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி காணும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். வீட்டுப்பாடத்தில் ஐயம் எழுந்தால் கேட்க வீட்டில் எவருமில்லாதவர்கள் அவர்கள்.

அத்தகைய குழந்தை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுவதாகக் கொள்வோம். விடை தவறு என்று அடித்துவிட்டு, 25 என்று திருத்தி எழுத எவராலும் இயலும். குழந்தையோ கவனக்குறைவால் பிழை செய்யவில்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது; 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்ற விதி ஒன்றைத் தானே வகுத்துக்கொண்டது. ஐந்து பத்துகளில் ஒன்றைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்பதைக் குச்சிக்கட்டுகளை அவிழ்த்துக் காட்டினால் அவ்விதி தானே விலகும். இப்பிழையின் காரணத்தைத் தேடுவதில் ஆர்வம் பிறக்கிறதா, சலிப்பு வருகிறதா என்பதைக் கொண்டே ஒருவர் தம்மை அறிந்துகொள்ளலாம். சினமின்றி, கொள்வோன் கொள்ளும் அளவறிந்து, முகமலர்ந்து கொடுக்க வேண்டும் என்பது நன்னூலார் விதி.

வழி பின்வருமாறு. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க, மேல்நிலைக் கல்விக்குப்பின் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். அதற்கு மேல் பத்தாம் வகுப்பு வரை இளநிலைப் பட்டத்துடன் பி.எட். வேண்டும், 2015 முதல் அதுவும் ஈராண்டுப் படிப்பாயிற்று. மேல்நிலை வகுப்புகளுக்கு முதுநிலைப் பட்டமும் சேர வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரைக்கும் உரியது. ஒவ்வொன்றிலும் 150 வினாக்கள். அவற்றுள் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பற்றியவை. மாலை வகுப்பு நடத்தியவருக்கு அம்முப்பது வினாக்கள் அயலாகத் தோன்றா.

தகுதித் தேர்வில் தேறியவுடன் அரசுப்பணி வந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. 2018 முதல் தமிழக அரசுப் பள்ளி நியமனத்திற்குத் தனிப் போட்டித் தேர்வும் வந்துவிட்டது. காத்திருக்கும் ஆண்டுகளில் தனியார் பள்ளிகளில் குறைந்த ஊதியத்தில் பணிபுரிய நேரும் என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே பேசி முடிவெடுத்தல் வேண்டும். பணியில் உள்ளோரும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என 1-9-2025 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்க்குச் சலுகை உண்டு. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய கேள்வி பெரிய அமர்வின் ஆய்வுக்கு விடப்பட்டுள்ளது. 2014இல் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டமையால், சமணர் நடத்தும் பள்ளிகளில் பணி நாடுவோர் அதன் முடிவைக் கவனித்துவரல் நலம்.

பயிற்சிக்கு, 1856இல் தொடங்கிய அரசு ஆசிரியர் கல்லூரி சைதாப்பேட்டையில் இருக்கிறது. பேசின் பிரிட்ஜிலிருந்து சென்ட்ரல் சென்று, எதிரிலுள்ள பார்க் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் போதும். மாலை வகுப்புக்கு வேண்டியது ஒரு கூடமும் ஒரு கரும்பலகையும். விழா நாட்கள் நீங்கலாகப் பூட்டிக் கிடக்கும் சமூகக் கூடங்கள் மாலையில் ஒரு மணி நேரம் திறக்கப்படின், அன்னதானத்திற்கு நன்கொடை எழுதும் அதே ஏட்டில் சாத்திர தானத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.