மசகு எண்ணெயும் நமது கொழுந்தும்

(பூனாகலையில் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் அணியினருக்கும் நடந்த தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு மசகு எண்ணெய் என்று தலைப்பு வைத்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். பூனாகலையில் எண்ணெய்க் கிணறு எங்கே இருக்கிறது என்றும் ஒருவர் கேட்டார். கிணறு இல்லைதான். ஆனால் இந்த நாடு ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குப் பட்ட கடனைத் தீர்க்க அனுப்பப்படுவது தேயிலை. நம்முடைய கை பட்ட சரக்கு. அதனால் இது நம்முடைய கதையும்தான்.

கடன் வந்த கதையை முதலில் சொல்லிவிடுவோம். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குச் சப்புகஸ்கந்தவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 1969 இல் வேலை தொடங்கியது. அதைக் கட்டும்போதே ஈரானிய எண்ணெயை மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். 2012 இல் ஈரான் மீது அமெரிக்கா தடைகளை இறுக்கியது. வாங்கிய எண்ணெய்க்குப் பணம் அனுப்ப வங்கிகளுக்கு வழி இல்லாமல் போனது. எண்ணெய் வந்துவிட்டது, எரிந்தும் போய்விட்டது, கடன் மட்டும் நின்றது. ஏறத்தாழ 251 மில்லியன் டொலர்.

2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை ஈரானுக்கு அனுப்புவது, அதன் பெறுமதியைக் கடனில் கழிப்பது. டொலர் கைமாறத் தேவையில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாவைத் தேயிலைச் சபைக்குக் கொடுக்க வேண்டும், சபை அதை ஏற்றுமதியாளருக்குக் கொடுக்க வேண்டும். நீண்ட காலம் இழுபட்டு, 2023 இல்தான் தேயிலை போகத் தொடங்கியது.

மாதம் 5 மில்லியன் டொலர் என்றால் எவ்வளவு என்று பிரட்டுக்களத்துக் கணக்கில் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலை 5 டொலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10 இலட்சம் கிலோ. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே 45 இலட்சம் கிலோ கொழுந்து. நோர்ம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும், இப்போதைக்கு 18 கிலோ என்று வைப்போம். இரண்டரை இலட்சம் பேர் வருகிறது. ஆளைச் சொல்லவில்லை, செக்ரோலில் போடும் பேரைச் சொல்கிறோம். கடன் முழுவதும் தீர ஐம்பது மாதம் என்றால், ஒன்றேகால் கோடிப் பேர்! இந்த நாட்டின் ஒரே ஒரு பழைய எண்ணெய்க் கடனுக்கு.

இப்படிச் சரக்குக்குச் சரக்கு மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 1952 இல் சீனாவுக்கு றப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள். அதுவும் தோட்டத்து உழைப்புத்தான். சரித்திரப் புத்தகத்தில் கையெழுத்திட்ட மந்திரியின் பெயர் இருக்கும், பால் வெட்டியவன் பெயர் இருக்காது.

சரி, மசகு எண்ணெய் என்றால் என்ன? நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற கறுத்த, தடித்த எண்ணெய். அதை அப்படியே லொறியில் ஊற்ற முடியாது. சூடாக்கிப் பிரிக்க வேண்டும். ஒரே கொழுந்து உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்துச் சல்லடைக்கு வரும்போது பி.ஓ.பி. தனி, டஸ்ட் தனி என்று பிரிகிறதல்லவா? அது போல ஒரே மசகு எண்ணெயிலிருந்து சமையல் கேஸ், பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், உலை எண்ணெய், கடைசியில் ரோட்டுக்குப் போடும் தார் எல்லாம் வருகின்றன. அதை அளப்பது பீப்பாயில். ஒரு பீப்பாய் 159 லீற்றர்.

எல்லாத் தேயிலையும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். காற்றடிக்கும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வருகிற மணம் வேறு, அதற்கு விலையும் வேறு. எண்ணெயிலும் லேசானது, கனமானது, கந்தகம் குறைந்தது, கூடியது என்று தரம் இருக்கிறது. சப்புகஸ்கந்தவுக்கு எல்லா எண்ணெயும் ஒத்துவராது.

விலை வைக்கும் விதத்தில்தான் பெரிய வித்தியாசம். தேயிலைக்குக் கொழும்பில் 1883 முதல் ஏலம் நடக்கிறது. விற்பவன் கொண்டுவந்து வைக்க வேண்டும், வாங்குபவன் விலை சொல்வான். எண்ணெய் விற்கும் நாடுகள் அப்படி இருக்கவில்லை. 1960 இல் ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்தும் பக்தாத்தில் கூடி ஒபெக் அமைப்பைத் தொடங்கின. விலை சரிந்தால் எடுக்கும் அளவைக் குறைப்பார்கள். நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் அடுத்த வருடமும் இருக்கும். கொழுந்தை ஏழெட்டு நாளில் எடுக்காவிட்டால் முற்றிப் போகும். அதனால் தேயிலை விற்கும் நாடு பேரம் பேசும் இடத்தில் எப்போதும் ஒரு படி கீழேதான் நிற்கிறது.

இதற்கு மேலே, எண்ணெயைக் கண்ணாலும் பார்க்காதவர்கள் காகிதத்தில் வாங்கி விற்கும் வியாபாரமும் இருக்கிறது. அடுத்த மாதத்து எண்ணெயை இன்றைக்கே வாங்குவது, நாளைக்கு விற்பது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கச் சந்தையில் ஒரு பீப்பாயின் விலை பூச்சியத்துக்குக் கீழே 37 டொலருக்கும் அப்பால் போனது. அதாவது எண்ணெயையும் கொடுத்து, கூடவே பணமும் கொடுத்தார்கள், வைக்க இடம் இல்லாததால். அன்றைக்கு இங்கே யாருக்காவது ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இலவசமாகக் கிடைத்ததா?

விலை ஏறினால் மட்டும் உடனே வந்து சேரும். வயதானவர்களுக்கு 1973, 74 நினைவிருக்கும். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. மூன்று டொலர் அளவில் இருந்த பீப்பாய் சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. எண்ணெய் மட்டும் காரணமல்ல, அரிசி, கோதுமை விலையும் அப்போது உலகம் முழுக்க ஏறியிருந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி குறைந்தது. தோட்டங்களில் சாவு விகிதம் உயர்ந்தது. நம் பெற்றோர் கீரையையும் கிழங்கையும் தின்று கிடந்த காலம் அது. அந்தப் பசிக்கும் பாலைவனத்து எண்ணெய்க்கும் தொடர்பு உண்டு என்று அன்றைக்கு யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

2022 ஐ இங்கே இருக்கும் பிள்ளைகளே கண்டார்கள். 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த மூடப்பட்டது. பிறகு திறப்பதும் மூடுவதுமாகப் போனது. 2022 இல் 90,000 தொன் ரஷ்ய எண்ணெயோடு வந்த கப்பல், பணம் கட்ட முடியாததால் கொழும்புக்கு வெளியே ஒரு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பண்டாரவளைக்குப் போக பஸ் இல்லை. வெட்டிப் போட்ட குப்பி லாம்பைத் தேடி எடுத்தோம், அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 2021 டிசம்பரில் டீசல் ஒரு லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 460. ஏறத்தாழ நான்கு மடங்கு. அதே காலத்தில் உலகச் சந்தையில் மசகு எண்ணெய் எத்தனை மடங்கு ஏறியது? ஒன்றரை மடங்கு அளவுதான். மிச்சம் எங்கிருந்து வந்தது? 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஆனது. உலகச் சந்தையில் டீசல், மசகு எண்ணெயை விட வேகமாக ஏறியது. அதுவரை நட்டத்துக்கு விற்றதையும் நிறுத்தினார்கள். யுக்ரேன் யுத்தத்தால் வந்தது ஒரு பங்கு, மற்றது நம் நாட்டை ஆண்டவர்களின் கணக்கு. யுத்தத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது.

மண்ணெண்ணெய் இன்னும் மோசம். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆக்கினார்கள். ஒரு நாள் சம்பளமான ஆயிரம் ரூபாவுக்கு அதற்கு முன் பதினொரு லீற்றர் வாங்கலாம். அதற்குப் பிறகு மூன்று லீற்றர்கூடத் தேறாது.

இப்போது சம்பள விஷயத்துக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னோம்.

நமது தேயிலையை அதிகம் வாங்குவது யார்? ஈராக், ஈரான், ரஷ்யா, ஐக்கிய அரபு இராச்சியம், லிபியா. இவர்களில் பெரும்பாலோர் எண்ணெய் விற்றுத் தேயிலை குடிப்பவர்கள். 2014 நடுப்பகுதியில் நூறு டொலருக்கு மேல் இருந்த பீப்பாய், 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே விழுந்தது. அவர்கள் கையில் காசு குறைந்தது, கொழும்பு ஏலத்தில் தேயிலை விலையும் விழுந்தது. நமது கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச் 31 இல் முடிந்தது. தேயிலைக்கு விலை இல்லை, எப்படிச் சம்பளம் கூட்டுவது என்றார்கள் கம்பெனிகள். பதினெட்டு மாதம் இழுத்து, 2016 ஒக்டோபரில் 730 ரூபாவுக்குக் கையெழுத்தானது. அந்த 730 இலும் அடிப்படைச் சம்பளம் 500 தான், மற்றது கொடுப்பனவுகள்.

எண்ணெய் விழுந்தபோது அதன் பாரம் நம் தலையில் இறங்கியது. சரி, ஏறியபோது? 2021 இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 620 ரூபா அளவில் இருந்தது. 2022 இல் 1,270 ரூபா அளவுக்குப் போனது, இரு மடங்கு. நமது சம்பளம் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை தீர்மானித்த அதே ஆயிரம். ஐந்து டொலராக இருந்த நாள் சம்பளம் மூன்று டொலருக்கும் கீழே போனது. 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது 2024 செப்டெம்பரில்தான்.

கம்பெனிகள் சொல்லும் பதிலையும் நேர்மையாகக் கேட்போம். டீசல் ஏறியது, உரம் ஏறியது, கரண்ட் ஏறியது, விளைச்சல் விழுந்தது என்கிறார்கள். பொய்யில்லை. 2021 இல் உரத்தைத் தடை செய்த புத்திசாலித்தனத்தால், நாட்டின் தேயிலை உற்பத்தி 299 மில்லியன் கிலோவிலிருந்து 2022 இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாமல் நாமும்தான் அரைப் பேரோடு லயத்துக்குத் திரும்பினோம். செலவு கூடியது உண்மையானால் கணக்கை மேசையில் வைக்கட்டும். லொறிக்கு எத்தனை லீற்றர், ஜெனரேட்டருக்கு எத்தனை, உரத்துக்கு எவ்வளவு, ஏலத்தில் கிடைத்தது எவ்வளவு. விலை இறங்கும்போது மட்டும் புத்தகத்தைத் திறந்து காட்டி, ஏறும்போது மூடி வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. சம்பளப் பேச்சில் எங்கள் கோரிக்கை இதுதான்: எரிபொருள் விலையும் டொலரின் விலையும் ஏலத்தின் சராசரியும் அடிப்படைச் சம்பளத்தோடு இணைக்கப்பட வேண்டும். பெற்றோல் விலையை மாதா மாதம் சூத்திரம் போட்டுத் திருத்த முடியுமானால், உழைப்புக்கும் ஒரு சூத்திரம் போட முடியும்.

அதற்கு நமது கையில் கணக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். மாதம் முடியும் இரவு எரிபொருள் விலை அறிவிப்பார்கள், அதை எழுதுங்கள். டொலர் எவ்வளவு, கொழும்பு ஏலத்தின் சராசரி எவ்வளவு என்பதைப் படித்த பிள்ளைகள் போனில் பார்த்துச் சொல்வார்கள். பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு பஸ் காசு, ஒரு கிலோ மாவு, ஒரு லீற்றர் மண்ணெண்ணெய், அந்த மாதம் விழுந்த பேர் எத்தனை, கைக்கு வந்தது எவ்வளவு. மாதர் அணித் தலைவி எழுதட்டும், கடைக் கணக்கு அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அடுத்த வகுப்புக்கு வரும்போது மூன்று மாதக் கணக்கோடு வாருங்கள், பேச்சுவார்த்தைக் குழுவிடம் அதைக் கையளிப்போம்.