பழைய ஸ்டீரியோவின் குறை எங்கே?



நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், கூடத்து மூலையில், துணி போர்த்திய இசைத்தட்டுக் கருவி ஒன்றை இன்றும் காணலாம். 1960களிலோ 1970களிலோ வாங்கியதாயிருக்கும். விசாரித்தால், “பாடத்தான் பாடுகிறது, ஆனால் முன்போல் இல்லை” என்பர் வீட்டார். அந்த ‘முன்போல் இல்லை’ என்பதற்குப் பொருள் காண்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு வார்த்தை. கருவியில் கெட்டுப்போகும் உறுப்புகளில் பெரும்பாலானவற்றை மாற்றிக்கொள்ள முடியும். கம்பி அறுந்தால் வேறு கம்பி. ஊசி தேய்ந்தால் வேறு ஊசி. இசைத்தட்டு அப்படியன்று. தேய்ந்த ஊசி அதன் பள்ளத்தைச் சுரண்டி எடுத்ததை எவராலும் மீண்டும் நிரப்ப இயலாது. ஆகவே, ஒலி கரகரக்கிறது, உரத்த இடங்களில் சிதறுகிறது என்று கண்டால், நாம் செய்ய வேண்டிய முதற் காரியம் தட்டை ஓட்டுவதை நிறுத்துவதே. ஊசியைப் பார்த்த பிறகுதான் மற்றவை.

ஸ்டீரியோ என்பது யாது? ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு வேறு ஒலிகளைப் பதித்து வைக்கும் முறை. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் 1931-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். ஆயினும் இத்தகைய தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958-ஆம் ஆண்டில்தான். பள்ளத்தின் ஒவ்வொரு சுவரும் 45 பாகை சாய்ந்திருக்கும். ஒரு சுவர் இடப்பக்கத்து ஒலியையும், மறு சுவர் வலப்பக்கத்து ஒலியையும் தாங்கும். ஊசி ஒன்றே; அது தரும் மின்னோட்டங்கள் இரண்டு. அவ்விரண்டும் தனித்தனி வழியே ஆம்பிளிபையருக்குச் சென்று, வலுப்பெற்று, இரு ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடைகின்றன.

வழிகள் இரண்டாக இருப்பதே பழுது தேடுவோனுக்குப் பெருந்துணை. நோயுற்ற பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நலமாயுள்ள பக்கம் அருகிலேயே இருக்கிறதன்றோ?

இடப்பக்கத்து ஒலி மங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தட்டுக் கருவியிலிருந்து ஆம்பிளிபையருக்கு வரும் இரு செருகிகளையும் இடம் வலமாக மாற்றிச் செருகுங்கள். மீண்டும் ஓட்டிப் பாருங்கள். மங்கல் வலப்பக்கத்துக்குத் தாவிவிட்டால், பழுது ஆம்பிளிபையருக்கு முன்னே, அதாவது ஊசியிலோ பிக்கப்பிலோ அதன் கம்பிகளிலோ உள்ளது. இடப்பக்கத்திலேயே நின்றால், பழுது அதற்கு அப்பால் உள்ளது. அப்போது செருகிகளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் மின்சாரத்தை நிறுத்தி, ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் கம்பிகளை மாற்றுங்கள். மங்கல் தாவினால் குறை ஆம்பிளிபையரில். தாவாவிட்டால் அந்த ஒலிபெருக்கியிலோ அதன் கம்பியிலோ. ஒரு தடவைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும் என்பது விதி. ஒருங்கே இரண்டை மாற்றினவன், குணம் கண்டாலும் காரணம் அறியான்.

என் நண்பர் ஒருவரின் கருவியில் ஒரு பக்கம் அடியோடு ஊமையாயிற்று. பழுது பார்க்கும் இடத்தில், “முழுவதையும் மாற்றிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் இருந்ததோ, காலஞ்சென்ற தந்தையார் வாங்கி வைத்த நாகஸ்வர இசைத்தட்டு. மற்றொரு பிரதி அவருக்குக் கிட்டவில்லை. நாங்கள் செருகிகளை மாற்றினோம். ஊமைத்தனம் மறுபக்கம் தாவியது. பிக்கப்பின் பின்புறத்தில் நான்கு சிறு ஊசிமுனைகளும் அவற்றில் மாட்டிய மெல்லிய கம்பிகளும் உண்டு. அவற்றுள் ஒரு முனை களிம்பேறிக் கறுத்திருந்தது. துடைத்து மாட்டியதும் ஒலி வந்துவிட்டது. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஊசியின் முனை ஒருபுறம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. தட்டு தாவாதிருக்கும் பொருட்டு, அவர் வீட்டில் பிக்கப்பின் தலைமேல் ஒரு நாணயத்தையும் வைத்து ஓட்டியிருந்தார்கள். புது ஊசி வரும்வரை அந்த நாகஸ்வரத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

நாணயம் வைக்கும் அவ்வழக்கம் பல வீடுகளில் உண்டு. காந்த வகைப் பிக்கப்புகளுக்குப் பெரும்பாலும் 1½ முதல் 3 கிராம் அழுத்தமே போதுமானது. சிறு நாணயம் ஒன்றே அதனை இருமடங்காக்கிவிடும். அழுத்தம் மிகக் குறைந்தாலும் தீங்குதான். ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாது துள்ளிச் சுவரை மோதும். செய்தவர் குறித்த அளவே சரியான அளவு. வைர ஊசியும் சில நூறு மணி நேர ஓட்டத்துக்குப் பின் தேயும் என்பதை மறக்கலாகாது. 78 சுற்றுப் பழந்தட்டுகளின் பள்ளம் அகலமானது. அவற்றுக்கு வேறு ஊசி வேண்டும்.

இனி, ஒலியின் தன்மையிலிருந்தே நோயை அறியும் வகையைச் சொல்கிறேன். நம் சங்கீதமே இதற்கு நல்ல உரைகல். தம்புராவின் சுருதி அலையலையாய் ஏறி இறங்கிக் கேட்டால், தட்டின் நடுத்துளை சரியாக இருக்குமாயின், குறை சுழற்சியில் உள்ளது. பெல்ட் தளர்ந்திருக்கும்; அல்லது ரப்பர் சக்கரம் இறுகியிருக்கும். வேகத்தை அளக்கக் கோடுகள் வரைந்த அட்டை உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால், நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். 180 கோடுகள் கொண்ட வட்டம் அதன் ஒளியில் அசையாது நிற்பதுபோல் தோன்றினால், தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சரியாகச் சுழல்கிறது என்று பொருள். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இச்சோதனை பலிப்பதில்லை.

மிருதங்கத்தின் தொப்பி ஒலி வலுவிழந்து கேட்கிறதா? ஒலிபெருக்கி ஒன்றின் இரு கம்பிகள் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். ஒன்று காற்றை முன்தள்ளும் வேளையில் மற்றது பின்னிழுப்பதால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்டீரியோ அல்லாத தட்டு ஒன்றை வைத்துப் பெட்டிகளுக்கு நேர் நடுவே அமருங்கள். பாடுபவர் குரல் நடுவிலிருந்து வந்தால் இணைப்பு சரி. எங்கிருந்து வருகிறதென்று புலப்படாவிட்டால், ஒரு பெட்டியின் கம்பிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். தொப்பி அதிரும்போது படபடவென்று ஓசை கேட்டால், ஒலிபெருக்கிக் கூம்பின் விளிம்பிலுள்ள நுரைவளையம் வயதாகிப் பொடிந்திருக்கக்கூடும். அதைப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், உள்ளே தூசியும் களிம்பும் சேர்ந்துள்ளன. மின்சாரத்தை நிறுத்தி, அதற்கென்று விற்கும் துப்புரவுத் திரவத்தைச் சிறிது விட்டுப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் தீரும். வண்டு முரல்வது போன்ற ஓசை இடைவிடாது கேட்டால், தட்டுக் கருவியிலிருந்து வரும் தனித்த மண்கம்பி ஆம்பிளிபையரில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒலியை முற்றிலும் குறைத்த பின்னும் முரல்வு நில்லாவிடில், ஆம்பிளிபையருக்குள் பெரிய கண்டென்ஸர்கள் உலர்ந்து போயிருக்கலாம்.

இவ்விடத்தில் நம் கை நிற்க வேண்டும். வால்வுக் கருவிகளில் அந்தக் கண்டென்ஸர்களில் 300 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் தங்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அது உயிருக்கு ஆபத்தானது. மூடியைத் திறப்பது தேர்ந்தவர் வேலை. ஆனால் அவரிடம் செல்லும்போது, “முன்போல் இல்லை” என்று சொல்லாமல், “எந்தத் தட்டை ஓட்டினாலும் இடப்பக்கம் முரல்கிறது, கம்பிகளை மாற்றியும் பார்த்துவிட்டேன்” என்று நாம் சொல்லலாம். நோயைச் சரியாகச் சொன்னால் பாதி வைத்தியம் ஆயிற்று. வேண்டாதவற்றை மாற்றும் செலவும் மிஞ்சும்.

நண்பரின் கருவிக்குப் புது ஊசி வந்தது, நாணயத்தை எடுத்துவிட்டோம். தட்டின் சில இடங்களில் தேய்ந்த ஊசி ஏற்படுத்திய கரகரப்பு இன்னும் கேட்கிறது. அது இனிப் போகாது. எஞ்சியதைக் காப்பாற்ற முடிந்தது. உங்கள் வீட்டில் தட்டு ஒன்று காத்திருக்குமானால், அதனை ஓட்டுமுன் ஊசியைச் சற்று உற்றுப் பாருங்கள்.