ஒரே வடத்தில் இணையமும் தொலைபேசியும்

சுவரிலிருந்து ஒரு வடம் நீள்கிறது. அதன் முனையில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அப்பெட்டியின் ஒரு துளையில் கணிப்பொறியும், மற்றொரு துளையில் தொலைபேசியும் பொருந்துகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எத்தனையோ இல்லங்களில் காணக்கூடிய காட்சி இது. அப்பெட்டியின் பெயர் கேபிள் மோடம். நான் அந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில், கல்லூரிக்குப் புதிதாக வந்து வாடகை வீட்டில் குடியேறிய மாணவர் பலருக்கு அதனை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அது எவ்வாறு வேலை செய்கிறது, அதனிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பவற்றை இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

முதலில் வடத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டையொட்டிப் பென்சில்வேனியா, ஆரிகன் ஆகிய மாநிலங்களின் மலைசூழ்ந்த ஊர்களில், தொலைக்காட்சி அலைகளை மலைகள் மறித்து நின்றன. உயரமான ஓரிடத்தில் பொதுவான வானலை வாங்கி ஒன்றை நாட்டி, அங்கிருந்து வீடுதோறும் வடம் இழுத்து அந்தக் குறையை மக்கள் போக்கிக்கொண்டார்கள். கேபிள் தொலைக்காட்சி பிறந்த கதை இதுவே. இதற்குப் பயன்படுவது கோஆக்சியல் என்னும் ஓரச்சு வடம். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஓர் உறை. அதற்கு மேல் உலோகப் பின்னல். எல்லாவற்றுக்கும் வெளியே ரப்பர் போன்ற மேற்போர்வை. இவ்வமைப்புக்கு ஆலிவர் ஹெவிசைடு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1880-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். உள்ளே செல்லும் அலை வெளியே கசியாமலும், வெளியே உள்ள இரைச்சல் உள்ளே புகாமலும் காப்பது அந்த உலோகப் பின்னல்.

தொலைக்காட்சிக்கு அந்த வடம் ஒருவழிப் பாதையாக இருந்தால் போதும். இணையத்துக்கு அது போதாது. நாம் கேட்கவும் வேண்டும், விடை பெறவும் வேண்டும். எனவே ஒரே வடத்தில் இரு பாதைகளை வகுத்தார்கள். வட அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய முறைப்படி, 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்லும். அதற்கு மேற்பட்டவை நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும். எண்களாக உள்ள செய்தியை அலையாக மாற்றி அனுப்பி, வந்த அலையை மீண்டும் எண்களாக மாற்றித் தருவதே மோடத்தின் தொழில். எந்த நிறுவனம் செய்த மோடமும் எந்த ஊரிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக, டாக்சிஸ் என்னும் பொதுவிதி 1997-இல் வெளியிடப்பட்டது. அதன் பின்னரே மக்கள் தாமே கடையில் மோடம் வாங்கி வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

இனி, அதை அமைக்கும் முறைக்கு வருவோம். கடைக்குச் செல்லும் முன்னரே முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு. எல்லா மோடங்களிலும் தொலைபேசித் துளை இருப்பதில்லை. நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையும் வேண்டுமென்றால், அதற்குரிய உறுப்பும் உள்ளே அமைந்த மோடத்தையே பெற வேண்டும்.

அடுத்தது வடத்தை இணைப்பது. ஒரு வடத்தைப் பல அறைகளுக்குப் பிரித்துவிடும் ஸ்பிளிட்டர் என்னும் சிறு கருவி பல வீடுகளில் இருக்கும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதி வலிமைக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். அக்கிளையை மீண்டும் பிரித்தால் கால் பங்கும் எஞ்சாது. வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது போல, பல பிரிப்புகளுக்கு அப்பால் வைத்த மோடம் அடிக்கடி தொடர்பை இழக்கும். ஆதலால், முதற்பிரிப்பிலிருந்து நேரே வரும் கிளையில் அதை இணைப்பது நல்லது. வடத்தின் முனையிலுள்ள மரையைத் தளர்வின்றித் திருகுவதும் இன்றியமையாதது. ஒரு தெருவில் உள்ள பல வீடுகள் ஒரே வடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு வீட்டின் தளர்ந்த இணைப்பில் புகும் இரைச்சல் நிலையத்தை நோக்கிச் சென்று, அண்டை வீட்டாரின் செய்தியையும் குலைத்துவிடும். ஊர்க்கிணற்றைக் காப்பது போன்ற பொறுப்பு இது.

இணைத்த பின்னர் மின்சாரம் கொடுங்கள். பொறுமையோடு சில நிமிடங்கள் காத்திருங்கள். பெட்டியின் முகத்தில் விளக்குகள் மின்னத் தொடங்கும். பலர் இதைப் பழுது என்று கருதி இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் மோடம் மிகவும் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருக்கிறது. முதலில், நிலையத்திலிருந்து வரும் அலை எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கண்டதும், தான் பேசவேண்டிய அலைவரிசையை அதிலிருந்து அறிந்துகொள்கிறது. பிறகு நிலையத்தை அழைக்கிறது. ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஓடக்காரனை அழைப்பவன், முதலில் மெல்லக் கூவி, விடை வராவிட்டால் குரலை உயர்த்துவான் அல்லவா? மோடமும் அவ்வாறே தன் வலிமையைப் படிப்படியாக உயர்த்துகிறது. குரல் எட்டியதும், “இவ்வளவு வலிமை போதும், இந்த நேரத்தில் பேசு” என்று நிலையம் திருத்தம் கூறுகிறது. இறுதியில் மோடத்துக்கு ஒரு முகவரியும், அந்த இல்லத்துக்கு உரிய வேகத்தைக் குறிக்கும் விதிகளும் வந்து சேருகின்றன. மோடத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியை நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் இக்கடைசிப் படி இனிது நிறைவேறும்.

தொலைபேசிப் பேச்சு இதில் எவ்வாறு செல்கிறது? நம் குரலை மோடம் ஒரு விநாடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 8 இலக்கங்களால் குறிக்கிறது. ஆக, விநாடிக்கு 64,000 இலக்கங்கள். இவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. ஒருவர் திரைப்படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் தடையின்றிப் பேசமுடிகிறது. ஏனெனில், குரலின் பொட்டலங்களுக்குக் குறித்த இடைவெளியில் தனியிடம் ஒதுக்கப்படுகிறது. படம் ஒரு கணம் தாமதித்தால் தீங்கில்லை. பேச்சு தாமதித்தால் உரையாடலே சிதைந்துவிடும். பழைய தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகள் வீட்டுக்குள் ஓடுமானால், அவற்றில் மோடத்தை இணைக்கும் முன் வெளித்தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் மோடத்துக்குக் கேடு செய்யும்.

மாணவர்களே, இதுவரை கூறியவை வசதியைப் பற்றியவை. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், தொலைபேசி நிலையத்தின் மின்கலங்களிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் அளவில் கம்பி வழியாகவே வந்தது. வீடு இருளில் மூழ்கினாலும் தொலைபேசி பேசியது. கேபிள் மோடம் அப்படியன்று. அது வீட்டு மின்சாரத்தை நம்பி வாழ்வது. மின்சாரம் நின்றால், மின்கலம் இல்லாத மோடத்தின் தொலைபேசி அக்கணமே ஊமையாகிவிடும்.

2012-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், சாண்டி என்னும் புயல் நியூஜெர்சிக் கரையைத் தாக்கியபோது நான் அம்மாநிலத்தில் இருந்தேன். எங்கள் தெருவில் தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர், அவ்வாண்டில்தான் பழைய தொலைபேசியை நீக்கிவிட்டுக் கேபிள் தொலைபேசிக்கு மாறியிருந்தார். மின்கலத்தைப் பற்றி எவரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை. மின்சாரம் நின்ற இரண்டாம் இரவில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. தொலைபேசியை எடுத்தார், ஓசை இல்லை. கைவிளக்கின் துணையோடு தெருவைக் கடந்து வந்து எங்கள் கதவைத் தட்டினார். காரில் அவரை மருத்துவமனை சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார். அவரால் நடக்க முடிந்தது நல்வினை. நடக்க முடியாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2015-இல் அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், இத்தகைய தொலைபேசியை அளிப்போர் 8 மணி நேரம் தாங்கும் மாற்று மின்சார வசதியை விலைக்கு அளிக்க முன்வர வேண்டும் என்று விதித்தது. 2025-இல் அவ்விதி காலாவதியாகும் வரை, விலைக்கு அளிப்பது அவர்கள் கடமையாக இருந்தது. கேட்டு வாங்கிப் பொருத்துவது நம் கடமை. பொருத்திய பின், சுவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொலைபேசி பேசுகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தெருக்கம்பத்தில் உள்ள கருவிகளும் மின்சாரம் இழந்தால் மின்கலமும் உதவாது. எனவே கைப்பேசி ஒன்றும் மின்னேற்றத்தோடு இருக்கட்டும். அதுவும் முழுத் துணையன்று. சாண்டிப் புயலின்போது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் கைப்பேசி நிலையங்கள் செயலிழந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 911 என்னும் அவசர எண்ணை அழைத்தால், நிறுவனத்திடம் பதிந்த முகவரிக்கே உதவி வரும். வீடு மாறும்போது மோடத்தை எடுத்துச் செல்பவர், முகவரியையும் மாற்றிப் பதிய வேண்டும்.

கருவிகள் புதியனவாகும்போது, பழையவற்றில் கேளாமலே கிடைத்த சில நன்மைகள் ஓசையின்றி மறைந்துவிடுகின்றன. புதுமையை அஞ்சி ஒதுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மறைந்தது எது என்று கண்டறிந்து, அந்த இடத்தை நிரப்பிக்கொள்வதே அறிவுடைமை. உங்கள் இல்லத்தில் மின்சாரம் நிற்கும் இரவில் எந்தத் தொலைபேசி பேசும்? இன்றே, வெளிச்சம் உள்ளபோதே, விடை கண்டு வைத்துக்கொள்ளுங்கள்.