ஆவணத்தில் உறையும் மூதாதையர்



வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் உரையாற்ற வாய்ப்பளித்தமைக்கு முதற்கண் நன்றி தெரிவித்துக்கொள்கின்றேன். பழைய உயில்கள், சொத்துப் பட்டியல்கள், வழக்கேடுகள் ஆகியவற்றின் வழியே நம் முன்னோரைத் தேடுவது பற்றிச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இறந்துபட்ட வீரனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதியது நம் மரபு. தென்புலத்தாரைப் போற்றுதலை இல்வாழ்வான் கடமைகளுள் ஒன்றாக வைத்தது நம் அறநூல். எனினும் நீத்தார் கடனில் மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லும் நம் நா, நான்காம் தலைமுறையில் தயங்கி நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் செல்லப் புதுச்சேரியாருக்கு ஒரு வழி உண்டு. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்குக் குடியேற்றத்தை நிறுவினார். 1701இல் உயர் மன்றம் அமைந்தது. மன்றமும் நொத்தேரும் தேவாலயமும் எழுதி வைத்தன. 1761இல் ஆங்கிலேயர் இந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கியபோது கட்டடங்கள் போயின. தாள்கள் எல்லாமும் போய்விடவில்லை. குடியேற்றங்களின் ஆவணங்களுக்குப் படியெடுத்து வெர்சாய்க்கு அனுப்ப வேண்டுமென 1776இல் பிரெஞ்சு அரசாணை பிறந்தது. இன்று அத்தகைய ஆவணங்கள் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் காக்கப்படுகின்றன. நம் ஊரிலேயே இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் மையமும் உண்டு.

ஆனால் ஒரு மனிதர் இந்த ஏடுகளுக்குள் நுழைவது எப்போது? மணம், பிறப்பு, இறப்பு ஆகிய மூன்றும் ஒருபுறம் இருக்க, அவர் சொத்து விட்டுச் சென்றிருக்க வேண்டும், வழக்காடியிருக்க வேண்டும், அல்லது தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மெய்க்கீர்த்தி மன்னனை அவனுடைய வெற்றி நாளில் காட்டும். வழக்கேடோ மனிதரை அவருடைய துன்ப நாளில் காட்டும்.

நைனியப்பாவை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக இருந்தவர். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனர். 1716இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறைப்படுத்தினார். ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே அவர் சிறையில் மாண்டார். மகன் குருவப்பா கடல் கடந்து பாரிசு சென்று முறையிட்டார். அங்கே திருமுழுக்குப் பெற்றார். வீரப் பட்டமும் பெற்றார். தந்தையின் பெயர் மீட்கப்பட்டது. 1722இல் தந்தை வகித்த பதவியில் மகன் அமர்ந்தார். ஆனால் 1724இல் அவரும் மறைந்தார்.

இந்த வழக்கில் தமிழ் கற்றோர் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியே அது பிரெஞ்சில் எழுதப்பட்டது. தாம் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சாட்சிகளே அறியார் என்பது மேல்முறையீட்டில் எழுந்த வாதங்களுள் ஒன்று. ஆகவே அத்தகைய தாளில் நாம் படிப்பது மூதாதையின் வாய்மொழி அன்று; மற்றொருவர் கேட்டு, மற்றொருவர் பெயர்த்து, மற்றொருவர் எழுதியது. பல வேளைகளில் அடியிலுள்ள தமிழ்க் கையெழுத்து ஒன்றே அவருடையது. யார் எழுதினார், எம்மொழியில் கேட்டார், எதன்பொருட்டு எழுதினார் என்று வினவாமல் படிப்போமாயின், மூதாதையைக் குற்றவாளியாக்கியவரின் கண்கொண்டே அவரைப் பார்த்தவர்களாவோம்.

அடுத்து, வாரிசு வழக்கொன்று. குருவப்பாவுக்குப் பின் தரகரான கனகராய முதலியார் 1746இல் இறந்தார். ஒரே மகன் முன்னரே இறந்துவிட, அவன் நினைவாக ஒழுகரையில் 1745இல் தேவாலயம் எழுப்பியிருந்தார். முதலியார் இறந்ததும் சொத்து மனைவிக்கா, தம்பிக்கா என்று வழக்கு எழுந்தது. குடும்பமோ கிறித்தவக் குடும்பம். சமயத்தின்வழி நிற்பதா, சாதி வழக்கத்தின்வழி நிற்பதா என்பதே வினா. ஆனந்தரங்கப் பிள்ளை இதனைத் தம் நாட்குறிப்பில் எழுதிச் செல்கின்றார். ஆனால் அவர் அக்குடும்பத்தோடு போட்டியிட்டவர். அவர் எழுத்தையும் மன்றத்தின் எழுத்தையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை.

பெரிய குடும்பங்கள் மட்டுமா ஏடேறின? அல்ல. சாவடி நீதிமன்றத்தில் எளியோரும் வழக்காடினர். கடன், பாகப்பிரிவினை, தத்து, வீட்டு எல்லை என நம் தெருக்களின் வாழ்வெல்லாம் அங்கே வந்தது. 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகளைத் தொகுத்து, 1999இல் நம் நகரின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இரு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றைப் புரட்டுவோருக்கு முதல் தடை பெயர்தான். பிரெஞ்சு எழுத்தில் ழகரம் இல்லை. ஒழுகரை அங்கே ‘ஊல்கரே’ ஆகும். பிள்ளை ‘புள்ளே’ ஆவார். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்தியத் தனிநிலைச் சட்டத்தைத் துறந்தோர் புதுக் குடும்பப் பெயர் பூண்டனர். அங்கே பாட்டன் பெயரும் பேரன் பெயரும் ஒட்டாமற் போகும். ஒலி மாற்றம் அறிந்த தமிழாசிரியரின் துணை இங்குப் பெரிதும் வேண்டப்படுகின்றது.

இனிச் சொல்லப்போவது கசப்பானது; எனினும் சொல்லியாக வேண்டும். உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் நிலம், நகை, பாத்திரங்களோடு அடிமைகளும் எண்ணப்பட்டனர். தேவாலய ஏட்டில் அவர்களுக்குத் திருமுழுக்குப் பெயர் உண்டு. உடையவர் பெயர் உண்டு. தந்தை பெயர் இல்லை. மக்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலேற்றிய கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளையின் 1743ஆம் ஆண்டுக் குறிப்பு பதிந்துள்ளது. பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குப் பலர் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அப்பதிவுகளைக் கொண்டு தம் ஊரைத் தேடுகின்றனர். அவர்கள் கையிலிருப்பது பெரும்பாலும் சிதைந்த ஒரு பெயர். சிதைந்த ஓர் ஊர்ப்பெயர். தரகர் குடும்பத்தின் வரலாற்றை மீட்க நூல்கள் பல உள. இவர்களுடைய பெயரைத் தமிழாக்கிக் கொடுக்க யார் உளர்?

வட்டத்தின் அன்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரமோ, பாக முறியோ, நொத்தேர் எழுதிய தாளோ இருப்பின், நிலம் விற்றாயிற்று என்று எறிந்துவிடாதீர்கள். படி எடுங்கள், அதிலுள்ள பெயர்களை, சாட்சிகளை, எல்லைகளைத் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்து, கடல் கடந்து வந்து ஒருவர் பிரெஞ்சு எழுத்தில் ஒரு பெயரைக் காட்டினால், அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எழுத்து மறைத்ததைச் செவி கண்டுபிடிக்கக்கூடும். ஓசையை அறிந்தவர் கவிஞர். அவரினும் இப்பணிக்கு ஏற்றவர் எவர்?

பெருமை பேசுவதற்காக மட்டும் முன்னோரைத் தேடுவோமாயின் தரகர்களையே காண்போம். உண்மைக்காகத் தேடுவோமாயின், அத்தரகரின் சொத்துப் பட்டியலில் கடைசி வரியில் நிற்கும் மனிதரையும் காண்போம். அவரும் நம் தென்புலத்தாரே.