நெடுந்தூர ஓட்டமும் மூன்று அறிவும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசவல்ல அறிஞர் பலர் இச்சபையில் இருக்கின்றனர். வீதியிலே ஓடியதைத் தவிர வேறு தகுதி எதுவுமில்லாத என்னைப் பேச அழைத்ததன் காரணத்தை நான் அறிவேன். சென்ற ஆண்டு நமது வீதி ஓட்டப் போட்டியில் ஓர் இளைஞர், முடிவிடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மயங்கி விழுந்தார். இறைவன் திருவருளாலும் வைத்தியர்களின் முயற்சியாலும் அவர் நலம்பெற்று இன்று நம்மிடையே அமர்ந்திருக்கின்றார். ஆயினும், அன்று தொடக்கம், "இந்த ஓட்டம் இனி வேண்டாம்" என்று பெரியோர் சிலரும், "ஒருவர் விழுந்ததற்காக எல்லோரும் வீட்டில் இருப்பதா?" என்று இளைஞர் பலரும் வாதிட்டு வருகின்றனர்.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. நாம் அதை நடத்திய முறையைத்தான் நிறுத்த வேண்டும். அன்று காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டியை, விருந்தினருக்காகக் காத்திருந்து, ஒன்பது மணிக்குத் தொடக்கிவைத்தவர்களுள் நானும் ஒருவன். மூன்று மணி நேரம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைத்தோம். பின்பு ஓடச் சொன்னோம். அந்தத் தம்பி விழுந்தது அவருடைய பலவீனத்தினால் அன்று, எங்களுடைய அறியாமையினால்.

வள்ளுவப் பெருமான் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குச் சொன்ன அறிவுரைகள்தாம். ஆனால் நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கும் அவற்றைவிட வேறு அறிவுரை வேண்டியதில்லை என்பது என் அனுபவம். அந்த ஒழுங்கிலேயே சில வார்த்தைகள் சொல்லுகின்றேன்.

முதலாவது, வலியறிதல். எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலே மரதன் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தேன். பயிற்சி ஒன்றும் இல்லை. பந்தடிக்கிற கால்கள்தானே என்ற இறுமாப்பு மட்டும் இருந்தது. வெடி வெடித்ததும் நூறு யார் ஓட்டக்காரனைப் போலப் பாய்ந்தேன். ஒரு மைல் வரையில் நானே முதல்வன். உப்புவெளியைத் தாண்டியதும் மூச்சு முட்டியது. அலஸ்தோட்டத்தை அண்மித்தபோது கால்கள் என்னுடையவையாக இல்லை. வீதியோரத்தில் ஒரு பூவரச மர நிழலிலே சரிந்துவிட்டேன். வலை பொத்திக்கொண்டிருந்த வயோதிபர் ஒருவர் ஓடிவந்து, ஒரு வாளித் தண்ணீரைத் தலையிலே ஊற்றிவிட்டு, "தம்பி, காத்தைப் பாத்தெல்லோ வள்ளம் இறக்கிறது?" என்றார். எத்தனையோ புத்தகங்களைப் பின்னர் படித்தேன். அந்த ஒரு வசனத்துக்கு மேலாக எதுவும் கிடைக்கவில்லை.

ஆதலால், தம்பிமாரே, தங்கைமாரே, தொடக்கத்தில் மெதுவாக ஓடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு இரண்டு வசனம் பேசிக்கொண்டே ஓட முடியுமானால் அதுவே பயிற்சிக்கு ஏற்ற வேகம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் மிகுந்துவிட்டது என்று அறியுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் ஐந்து நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கலாம், நடப்பது இழுக்கல்ல. கிழமைக்கு மூன்று அல்லது நான்கு நாள் போதும். ஓய்வு நாளிலேதான் தசையும் எலும்பும் உரம் பெறுகின்றன. பத்துக் கிலோமீற்றர் ஓடுவதற்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும். மூன்று நாளில் அதைப் பெற முயன்றால் முழங்காலும் கணுக்காலும் வட்டியோடு கேட்கும். காய்ச்சல் உள்ளபோது ஒருவரும் ஓடக்கூடாது. டெங்குக் காய்ச்சல் வந்து மாறியவர் வைத்தியர் சொல்லும்வரை காலணியைத் தொடவே வேண்டாம்.

போட்டி நாளில் புதுமை எதுவும் வேண்டாம். புதிய காலணி, புதிய உணவு, புதிய பானம் ஆகிய மூன்றும் கேடு. முதல்நாள் இரவு வழக்கமான சோறோ பிட்டோ உண்ணுங்கள். காலையில் ஓடுவதற்கு முன்னே ஒரு வாழைப்பழம் போதும். கால் நகங்களைச் சில நாள் முன்னரே வெட்டிவிடுங்கள். தொடையிலும் கக்கத்திலும் சிறிது தேங்காய் எண்ணெய் பூசினால் உராய்ந்து புண்படாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குடிக்காமல் ஓடுவதே வீரம் என்று எண்ணியவர் முன்பு இருந்தனர். இப்போது எவ்வளவு கூடக் குடிக்கிறோமோ அவ்வளவு நன்று என்று எண்ணுகிறவர் இருக்கின்றனர். இரண்டும் பிழை. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை முடிவிடத்தில் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருந்தது. ஓடிக்கொண்டே தேவைக்கு மேல் குடித்து உடல் எடை கூடியவர்களே பெரும்பாலும் இந்த ஆபத்துக்கு உள்ளாயினர். தாகத்துக்குக் குடியுங்கள், மற்றவன் குடிக்கிறான் என்பதற்காகக் குடியாதீர்கள். ஓட்டம் முடிந்தபின் உப்பிட்ட கஞ்சியோ இளநீரோ மிக நன்று.

இரண்டாவது, காலமறிதல். நமது ஊர்க் கச்சான் காற்றை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் காலை எட்டு மணி வெயிலே உச்சி வெயில் போலச் சுடும். ஓடும் உடல் தானே ஓர் அடுப்பு. வியர்வை உலர்ந்தால்தான் அந்தச் சூடு வெளியேறும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வை வழியுமே அன்றி உலராது.

இது நம்மைப் போன்ற சிற்றூர் ஓட்டக்காரர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை அன்று. 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனிலே போர்த்துக்கல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ கடும் வெயிலில் விழுந்து மறுநாள் உயிர் துறந்தார். வெயிலுக்குக் காப்பாக உடலில் மெழுகு பூசியிருந்தார் என்றும், அதனால் வியர்வை அடைபட்டது என்றும் கூறுவர். 2019ஆம் ஆண்டு டோகா நகரில் நடந்த உலகப் போட்டியிலே பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கியும் வெப்பம் விடவில்லை. ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் இடைவழியில் நின்றுவிட்டனர். உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் அவர்கள்! 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதனையோ, வெப்பத்துக்கு அஞ்சி வடக்கேயுள்ள சப்போரோ நகருக்கே மாற்றினார்கள். ஓர் ஒலிம்பிக் சபை வெயிலுக்காக நகரையே மாற்றும்போது, நாம் ஒரு விருந்தினருக்காக நேரத்தை மாற்றியது எவ்வளவு பேதைமை!

வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். கொழும்பிலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வந்த மறுநாளே இங்கு போட்டிக்கு இறங்குவது நல்லதன்று.

மூன்றாவது, இடனறிதல். நமது கோட்டை வாசலிலிருந்து கோணேசர் ஆலயம் வரையும் ஏறும் பாதை குறுகியதே. ஆனால் ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து, சிற்றடி வைத்து ஏறத் தெரியாதவரின் மூச்சை அது வாங்கிவிடும். இறங்கும்போது துள்ளி இறங்கினால் முழங்காலுக்குக் கேடு. அங்கே புள்ளிமான்கள் குறுக்கே பாயும். அவற்றுக்கு வழிவிடுவதே முறை. நிலாவெளி வீதி சமதரையானது. ஆனால் வாகனங்கள் விரைந்து செல்லும். நமது நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், ஓடுகிறவர் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைக் கண்டுகொண்டு ஓடவேண்டும். இருட்டில் வெள்ளை உடை அணியுங்கள். கடற்கரை மணல் காலுக்கு நல்ல பயிற்சிதான். முதல் நாளே அதில் நெடுந்தூரம் ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஈரமணலில் சிறிது தூரம் ஓடிப் பழகுங்கள்.

காட்டுவழியும் மணல்வழியும் செல்வதற்கு நமக்கு ஆசான்கள் வெளிநாட்டில் இல்லை. ஆண்டுதோறும் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் நம் ஊர் வழியாகவே செல்லுகின்றனர். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை என்று நடந்து, குமணக் காட்டையும் யால வனத்தையும் கடந்து கந்தனைக் காணுகின்றனர். அவர்களுள் எழுபது வயதைத் தாண்டிய தாய்மாரும் உளர். கடும் வெயில் மாதங்களிலேதான் அவர்கள் நடக்கின்றனர்; ஆயினும் எவ்வாறு நடக்கின்றனர் என்பதைக் கவனித்தீர்களா? விடியுமுன் புறப்படுகின்றனர். உச்சிவேளையில் கோயில் மண்டபத்திலோ மர நிழலிலோ தங்குகின்றனர். அந்தியில் பாதங்களைக் கழுவிப் பார்த்து, முள்ளையும் கொப்புளத்தையும் அன்றே கவனிக்கின்றனர். பின்தங்கியவருக்காகக் கூட்டம் நிற்கின்றது. வலியும் காலமும் இடமும் அறிந்த நடை அது. நாம் நூலிலே தேடும் ஓட்டக் கலை நம் வாசலாற் போகின்றது.

இடனறிதல் என்பது காலடியை அறிதலுமாகும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த தமிழ் வீரர் கோவிந்தன் லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியப் போட்டியிலே 5,000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழாவில் 10,000 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். ஆனால் ஓட்டத்தின்போது கால் உட்கோட்டுக்கு உள்ளே பட்டுவிட்டது என்று வெண்கலப் பதக்கம் அவருக்கு மறுக்கப்பட்டது. இருபத்தைந்து சுற்று ஓடிய உழைப்பை ஒரு காலடி கொண்டுபோயிற்று. அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அத்தகைய பெருவீரருக்கும் களைப்பிலே காலடி தவறுமென்றால், நாம் எத்துணை விழிப்பாக இருக்கவேண்டும்!

இறுதியாக, நம் நாட்டு வீரர் ஒருவரை நினைவூட்டி முடிக்கின்றேன். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிலே, 10,000 மீற்றர் ஓட்டத்தில், இலங்கையின் ரணதுங்க கருணானந்த 67ஆம் இலக்கத்தை அணிந்து ஓடினார். அமெரிக்க வீரர் பில்லி மில்ஸ் முதலாவதாக வந்தார். எல்லோரும் முடித்த பின்பும் கருணானந்தவுக்குச் சில சுற்றுக்கள் எஞ்சியிருந்தன. அவர் தன்னந்தனியாக ஓடிக்கொண்டே இருந்தார். முதலில் ஏளனம் செய்த கூட்டம், அவர் ஒவ்வொரு சுற்றாக ஓடி வருவதைக் கண்டு, முடிவில் பெருங் கரகோஷம் எழுப்பியது. வென்றவரைப் போலவே கடைசியாக வந்தவரையும் யப்பானியர் மறக்கவில்லை. பள்ளிப் பாடநூலிலே அவர் கதையைச் சேர்த்துத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

"அப்படியாயின் எப்படியாவது முடித்தே தீரவேண்டுமா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் வேறுபாட்டை அறியவேண்டும். கருணானந்த மெதுவாக ஓடினார், மயங்கி ஓடவில்லை. மெதுவாவது வெட்கமன்று. ஆனால் தலை சுற்றி, கால் தள்ளாடி, குளிர் நடுக்கம் கண்டு, பேச்சுக் குழறினால் அப்போதே நிற்பவன்தான் அறிவாளி. அத்தகையவரைக் கண்டால் பரிசை மறந்து நீங்களும் நில்லுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறுங்கள். தொட்டி இருந்தால் கழுத்துவரை நீரில் இருத்துங்கள். தலையை ஒருவர் தாங்கிக்கொள்ளட்டும். வைத்தியசாலைக்கு உடனே ஆள் அனுப்புங்கள். ஆனால் வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். மயங்கியவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

பெரியோர்களே! இவ்வாண்டு ஓட்டத்துக்கு அனுமதி தருமாறு வேண்டுகின்றேன். அதற்கு நாங்கள் நான்கு வாக்குறுதி தருகின்றோம். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் காலை ஐந்தரை மணிக்கு ஓட்டம் தொடங்கும். இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் இருக்கும். முடிவிடத்தில் குளிர்நீர்த் தொட்டியும் வைத்தியரும் இருப்பர். முதலாவதாக வந்தவருக்குக் கிண்ணம் கிடைக்கும். கடைசியாக வந்தவருக்கு மாலை கிடைக்கும். அந்த மாலையைச் சென்ற ஆண்டு விழுந்த தம்பியே சூட்டுவார். அவர் இதற்கு இசைந்துவிட்டார். ஆனால் தாமும் ஓடப்போவதாகவும் சொல்லுகின்றார். வைத்தியர் இசைந்தால் நானும் அவர் பக்கத்திலே பேசிக்கொண்டே ஓடுவேன்.

கோணநாதப் பெருமான் திருவருள் நம் இளைஞர்க்கு உடல் உரமும், அதனை அளவறிந்து ஆளும் அறிவும் தருவதாக.