வாடிக்கைக்காரர் ஏட்டுக்கு ஒரு மறுபிரதி

கள்ளக்குறிச்சியில் விதையும் உரமும் பம்பு செட்டும் விற்கின்ற ஒரு கடையின் ஆஸ்தி எது என்று கேட்டால், கிடங்கில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் காட்டுவோர் உண்டு. ஆனால், கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை வரை சென்று வருகின்ற விற்பனையாளர், எந்த ஊரில் யார் மரவள்ளி போட்டிருக்கிறார், யார் மக்காச்சோளத்துக்கு மாறியிருக்கிறார், யாருடைய மோட்டாருக்கு வாரண்டி எந்த மாதம் முடிகிறது, அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லி யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று வருஷக்கணக்கில் சேகரித்த விவரமே அந்த வியாபாரத்தின் ஜீவன் என்பதை முதலாளி நன்கு அறிவார்.

அந்த விவரம் முன்பு நாள்வழியிலும் பேரேட்டிலும் இருந்தது. ஒன்றைக் கறையான் அரித்தாலும் மற்றொன்றைக் கொண்டு பெரும்பகுதியைக் கணக்குப்பிள்ளை மீட்டுவிடுவார். இன்று அது சந்தா கட்டிப் பயன்படுத்தும், வாடிக்கைக்காரர் விவரங்களைக் காக்கும் சி.ஆர்.எம். மென்பொருளில், எங்கோ உள்ள சர்வர்களில் இருக்கிறது. "எல்லாம் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையில், மறுபிரதி வைக்கும் பழைய வழக்கத்தை நாம் கைவிட்டுவிட்டோம்.

நம் தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட, உலகமெங்கும் வியாபாரிகள் உபயோகிக்கும் ஜோஹோ நிறுவனத்துக்கு 2018 செப்டம்பர் 24-ஆம் தேதி நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அதன் மின்னஞ்சல் சேவையைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்தினர் என்ற புகாரின் பேரில், அதன் இணைய முகவரியைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் அம்முகவரியையே முடக்கிவிட்டது. சர்வர்களில் ஒரு குறையும் இல்லை. தகவல் ஓர் எழுத்தும் அழியவில்லை. எனினும் லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் தாங்களே திறக்க இயலாமல் காத்திருந்தனர். சில மணி நேரத்தில் முடக்கம் நீங்கியது என்பது உண்மையே. அந்தச் சில மணி நேரத்துக்கு வாடிக்கைக்காரர்களின் தொலைபேசி எண்களாவது கையில் இருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய அபாயம் நம் கையிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பெயர்ப் பட்டியலை எக்செலில் இறக்கி, ஊர் என்ற பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தி, மற்றப் பத்திகளை அப்படியே விட்டு, மீண்டும் மென்பொருளில் ஏற்றிவிடுகிறார் ஓர் ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். சங்கராபுரத்தார் தியாகதுருகத்தாராகிவிடுவார், சின்னசேலத்தார் மலைமேல் ஏறிவிடுவார். அழித்த பதிவுகளை ஜோஹோ சி.ஆர்.எம். 60 நாள் வரை மறுசுழற்சிக் கூடையில் வைத்திருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மற்றொரு சி.ஆர்.எம். மென்பொருள் 15 நாள் வைத்திருக்கிறது. மேற்சொன்ன ஊழியர் செய்ததிலோ எதுவும் அழிக்கப்படவில்லை, ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டது. ஆகையால் கூடையில் தேடிப் பிரயோஜனமில்லை. கம்பெனியின் மறுபிரதியும் அதன் இயந்திரங்கள் பழுதானால் உதவுவதற்கே அன்றி, நம் பிழையைத் திருத்துவதற்கு அன்று. கட்டணம் கட்டி மீட்கலாமே என்றால், சேல்ஸ்ஃபோர்ஸ் பத்தாயிரம் டாலர் கட்டணத்தில், ஆறு முதல் எட்டு வாரத்தில் தகவலை மீட்டுத் தந்துவந்த சேவையை 2020 ஜூலையில் நிறுத்தியது. வாடிக்கையாளர்களின் அதிருப்திக்குப் பின் 2021-இல் மறுபடி தொடங்கியது. எட்டு வாரம் என்றால் விதைப்புப் பருவமே முடிந்துவிடும்.

ஆகவே, வாரம் ஒருமுறையேனும் மென்பொருளில் உள்ள விவரங்களைக் கோப்பாக இறக்கி வைப்பது, அதாவது எக்ஸ்போர்ட் எடுப்பது, அவசியம். பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது. பேச்சுக் குறிப்புகள், இணைத்த பில் படங்கள், எந்த பில் எவருக்குரியது என்று காட்டும் அடையாள எண்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். கிடைக்கும் சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேரே திறந்தால், தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தோன்றக்கூடும். 91 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்கக் கைபேசி எண்கள் சுருக்கக் குறிகளாக மாறக்கூடும். அந்நிலையில் சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் போனவைதாம். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு பிரதியில் பார்ப்பதே உத்தமம்.

அந்தப் பிரதியைக் கடை மேஜையின் கீழறையில் மட்டும் வைப்பதும் சரியன்று. 2024 நவம்பர் 30-ஆம் தேதி கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் தென்பெண்ணை பெருகித் திருக்கோவிலூர்ப் பக்கம் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. ஒரு ஹார்டு டிஸ்க் வீட்டில் இருக்கட்டும். கடவுச்சொல்லிட்டுப் பூட்டியே இருக்கட்டும். அதில் இருப்பவை பிறருடைய தொலைபேசி எண்களும் கடன் விவரங்களும் அல்லவா? 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்பொறுப்பை நம்மீதே வைக்கிறது.

இன்னும் ஒன்று. மாதம் ஒருமுறை, பிரதியிலிருந்து ஒரே ஒரு வாடிக்கைக்காரரின் பதிவைச் சோதனைக் கணக்கொன்றில் ஏற்றிப் பாருங்கள். பெயர் தமிழில் சரியாக வருகிறதா, பாக்கி அவர் பெயரிலேயே நிற்கிறதா, போன வருஷத்து பில் திறக்கிறதா என்று கடைக்காரரே உட்கார்ந்து கவனிக்கவேண்டும்; கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது.