கரையில் நின்ற கலம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று செயலாளர் பணித்தபோது, கவிதையைப் பற்றிப் பேசும் துணிவு எனக்கு வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். என் தொகுப்பு வெளிவந்து ஏழாண்டுகள் ஆகின்றன. அதன்பின் நான் ஒரு கவிதையும் எழுதவில்லை. ஆகவே, ஒரு மாலுமியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடலில் தனியே இருந்தபோது அமைதியும், கரையில் மனிதரிடையே இருந்தபோது அமைதியின்மையும் கொண்ட ஒருவர் அவர்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிரிவை எண்ணிக் கரையில் இருந்து இரங்குபவள் தலைவி. கடலிலிருந்து மீண்டு வந்தவன், வீட்டில் இருந்துகொண்டே கடலை எண்ணி இரங்குவதாக ஒரு துறை, நான் படித்த அளவில் நம் மரபில் இல்லை. அப்படி ஒரு துறை இருந்திருப்பின் அதற்குத் தக்க தலைவன் ஜோசுவா ஸ்லோகம்.

கனடாவின் நோவா ஸ்கோசியாவில் 1844இல் பிறந்தவர் ஸ்லோகம். மீனவர்க்குத் தோல் காலணி தைப்பது தந்தையின் தொழில். அந்தப் பட்டறையிலிருந்து ஓடிப்போய்க் கடலில் சேர்ந்த சிறுவன், பின்னாளில் அமெரிக்கப் பாய்மரக் கப்பல்களின் தலைவரானார். முதல் மனைவி வர்ஜீனியா கப்பலையே வீடாகக் கொண்டு அவருடன் வாழ்ந்தவர். 1884இல் புவெனஸ் ஐரிஸில் மறைந்தார். ஸ்லோகத்துக்குச் சொந்தமான கப்பல் 1887 இறுதியில் பிரேசில் கரையில் மணல்திட்டில் சிக்கி அழிந்தது. அவரோ தளர்ந்துவிடவில்லை. 35 அடி நீளத்தில் ஒரு படகைத் தம் கையாலேயே கட்டி, இரண்டாம் மனைவி ஹெட்டியையும் இரு மைந்தரையும் அதில் ஏற்றிக்கொண்டு 1888இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்த இடத்தில் அவருக்கு வேலை இல்லை. நீராவிக் கப்பல்களின் காலம் வந்துவிட்டது. பாய் விரிக்கத் தெரிந்த தலைவர்களுக்குக் கப்பல் கொடுப்பார் அருகிவிட்டனர். ஐம்பதை நெருங்கும் வயதில், தம் தொழில் கண்முன்னே மறைவதைப் பார்த்தபடி பாஸ்டன் நகரில் கூலி வேலை தேடினார்.

அப்போது, 1892இல், முதிய திமிங்கில வேட்டைத் தலைவர் ஒருவர் அவரை அழைத்து, ஒரு படகு தருகிறேன், கொஞ்சம் பழுது பார்க்கவேண்டும் என்றார். ஃபேர்ஹேவன் என்ற ஊருக்குச் சென்று பார்த்தால், உப்பு நீருக்கு எட்டாத ஒரு மேய்ச்சல் நிலத்தில், முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, மேலே சீலை போர்த்தி, இற்றுப்போன பழம்படகொன்று நிற்கிறது. பெயர் ஸ்பிரே. ஊரார் சிரித்தனர். உடைத்து விறகாக்க வந்தீரா என்று கேட்டனர். இல்லை, புதுப்பிக்க வந்தேன் என்றார் ஸ்லோகம். அருகில் நின்ற கருவாலி மரத்தை வெட்டி அடிமரமாக இட்டார். ஒவ்வொரு பலகையாக மாற்றினார். 13 மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். நீளம் 36 அடி 9 அங்குலம்.

அந்தப் பதின்மூன்று மாதங்களும் அவர் கரையில்தான் இருந்தார். ஆனால் அக்காலத்தைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் ஒரு பெருமூச்சும் இல்லை. ஆப்பிள் மரங்கள் பூத்ததையும், பழைய திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்து நின்று கதை பேசியதையும் மலர்ச்சியோடு எழுதுகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து தனியாளாகப் புறப்பட்டார். 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறைக்கு மீண்டார். ஏறத்தாழ 46,000 மைல். உலகைத் தனியாகப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர் என வரலாறு அவரைக் குறிக்கிறது. ஆனால் என்னை நிறுத்திய செய்தி வேறு. ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகள் வரை 23 நாட்கள் ஓடினார். அந்த 23 நாட்களிலும் சேர்த்து அவர் சுக்கானைப் பிடித்திருந்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லையாம்! சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்பிரே தன் வழியைத் தானே பிடித்துச் செல்லும் இயல்புடையது. அவர் சமைத்தார், உறங்கினார், புத்தகம் படித்தார்.

கடலோடிகள் கரையில் தவிப்பது ஏன் என்று கேட்டால், அவர்களுக்கு ஓயாத வேலை வேண்டும், ஆபத்து வேண்டும் என்று நாம் எளிதில் விடை சொல்லிவிடுவோம். ஸ்லோகம் அந்த விடையைப் பொய்யாக்குகிறார். கடலில் அவர் சும்மா இருந்தார், அமைதியாக இருந்தார். பின்னர் கரையில் ஓயாது வேலை செய்தார், அமைதியற்று இருந்தார்.

பயணம் முடிந்தபின் எழுத உட்கார்ந்தார். 1900இல் நூல் வெளிவந்து புகழ் பெற்றது. 1901இல் பஃபலோ நகரின் பெருங்கண்காட்சிக்கு ஸ்பிரேயை வாய்க்கால் வழியே கொண்டுசென்று காட்சிக்கு வைத்தார். 1902இல் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் நிலமும் வீடும் வாங்கினார். பழ மரங்கள் நட்டார். ஓர் உழவரின் வாழ்வைத் தொடங்க முனைந்தார். வேண்டியவை யாவும் இருந்தன: வீடு, மனைவி, தோட்டம், பெயர். ஆனால் அந்த நிலம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. 1905 முதல் குளிர்காலம் தோறும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பாய் விரித்தார். படகு பேணப்படாமல் தளர்ந்தது, அவரும் தளர்ந்தார். 1909இல், 65 வயதில், ஒரினோகோ, அமேசான் ஆறுகளைக் காணும் எண்ணத்தோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திரும்பவில்லை. படகின் ஒரு பலகையும் கிடைக்கவில்லை. 1924இல் சட்டம் அவரை இறந்தவராக அறிவித்தது.

மேய்ச்சல் நிலமும் கரைதான், பழத்தோட்டமும் கரைதான். முன்னதில் உவகையும் பின்னதில் தவிப்பும் ஏன்? முன்னதில் அவர் கண்முன் ஒரு கலம் நாள்தோறும் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. நின்ற இடம் நிலமாயினும் அவர் புறப்பட்டுவிட்டார். பின்னதில் அவர் வந்து சேர்ந்தவராக இருந்தார். வந்து சேர்தல் என்பதைத்தான் அவரால் தாங்க இயலவில்லை என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு சான்று கூறுவேன். பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெஸியே தம் படகுக்கு ஸ்லோகத்தின் நினைவாக ஜோசுவா என்று பெயரிட்டவர். 1968இல் தொடங்கிய, தனியாள் எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றும் போட்டியில் முன்னணியில் இருந்தவர். 1969இல், கரையின் ஆரவாரத்துக்குத் திரும்ப மனமின்றிப் போட்டியைத் துறந்து, இன்னும் பாதி உலகைக் கடந்து தாகித்தித் தீவை அடைந்தார். கரையையே மறுத்தவர் என்று நாம் போற்றும் அவரும், அப்பயணத்தை நூலாக்கத் தாகித்தியின் துறையில் நெடுங்காலம் தங்க வேண்டியிருந்தது. 1971இல் தான் அந்நூல் வந்தது. கடல் அனுபவத்தைத் தரும். அதைச் சொல்லாக்க ஒரு கரை தேவைப்படுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் உரை நேர்மையற்றதாகிவிடும். ஸ்லோகத்தின் தவிப்பை நாம் வியக்கிறோம். ஹெட்டியின் தவிப்பை யார் எழுதினார்? மணமான புதிதில் கப்பல் அழிவைக் கண்டு, சிறு படகில் பெருங்கடல் தாண்டி வந்து, பின் கடலே வேண்டாம் என்று கரையில் நின்றுவிட்டவர் அவர். கணவர் கரையில் இருந்தபோதும் இல்லாதவராகவே இருந்ததை அவர் அறிந்திருப்பார். நெய்தலின் உண்மையான தலைவி அவரே. நம் வீடுகளிலும், நாம் கவிதை வரவில்லை என்று முகம் சுளித்துத் திரியும் நாட்களில், அருகிருந்து இரங்குபவர்கள் உண்டு. என் இல்லத்தில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்பர்களே, ஏழாண்டுகளாக நான் என்னைக் கரையொதுங்கியவன் என்று எண்ணி வருந்தினேன். ஒரு தொகுப்பு வந்தது. ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. என் பழத்தோட்டத்தில் அமர்ந்துவிட்டேன். எழுதாமை என் குறையன்று, எதையும் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைக்காமையே என் குறை என இந்த மாலுமியிடம் கற்றேன். இற்றுப்போன ஒரு வரியாயினும் போதும். அதைச் சீலை போர்த்தி வைத்திருந்தால், நாளுக்கொரு பலகை மாற்றலாம்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்கும் இதையே வேண்டுகிறேன். நாம் வந்து சேர்ந்துவிட்டோம் என்று இந்த மலர் சொல்லாதிருக்கட்டும். ஊரார் சிரித்தாலும், திங்கள்தோறும் நாம் கூடும் இந்தச் சிறு கூடம் அந்த மேய்ச்சல் நிலமாக இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் எழுதிக்கொண்டு வருகிறேன். முடிந்த கவிதையாக இராது. ஒரு பலகையாக இருக்கும்.